வீட்டிலே பிள்ளைகளுக்கு இலத்தீன் செபம் கற்பிக்கலாமா?



சில வாரங்களாய் ஞாயிறு பூசை முடிந்தபின் கோவில் வாசலில் ஒரே விஷயத்தைப் பற்றி மூன்று விதமான பேச்சு என் காதில் விழுந்து வருகிறது.

வயதான ஒரு தாயார் சொல்லுகிறார்: "எங்க காலத்துலே பீடத்துப் பிள்ளைங்க இலத்தீன்லே கணீர்னு பதில் சொல்லுவாங்க, சாமி. இப்போ ஒரு 'ஆவே மரீயா' கூடப் பிள்ளைங்களுக்குத் தெரியலையே. நீங்க கத்துக்குடுக்கக் கூடாதா?" ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தகப்பனார் கேட்கிறார்: "சாமி, தமிழ்ச் செபத்துக்கே பிள்ளைங்க தடுமாறுதுங்க. பள்ளிக்கூடத்துலே இங்கிலீஷ். இதுலே இலத்தீன் வேறயா?" மூன்றாமவர் ஒரு வாலிபர், கைப்பேசியைப் பார்த்துக் கற்றவர். அவர் சொல்லுவது: "இலத்தீன்லே சொல்ற செபத்துக்குத்தான் பலன் அதிகம், சாமி. என் குழந்தைக்கு இலத்தீன் மட்டும்தான் சொல்லிக் கொடுக்கப் போறேன்."

மூவரும் பிள்ளைகளின் ஆத்துமத்தைப் பற்றிக் கவலைப்பட்டே பேசுகிறார்கள். அதற்காகச் சர்வேசுரனுக்குத் தோத்திரம். கவலையே இல்லாத வீடுகளைப் பற்றியல்லவா நாம் அதிகம் பயப்பட வேண்டும்! மூவருக்கும் தனித்தனியே விடை சொல்லுவதை விட, எல்லோருக்கும் பொதுவாக இந்த வாரம் எழுதுகிறேன். சுருக்கமாய் என் விடை இது: முதலாவது தமிழில், பொருளோடு, வீட்டார் எல்லோரும் சேர்ந்து. இரண்டாவது இலத்தீனில், கொஞ்சமாய், அதுவும் பொருளோடு. இந்த வரிசை மாறக் கூடாது. காரணத்தைக் கேளுங்கள்.

1. நாசரேத்து வீடு

நமது ஆண்டவர் நாசரேத்திலே வளர்ந்தபோது வீட்டிலும் வீதியிலும் பேசியது அரமாயிக் மொழி. செபக்கூடத்திலே வேதாகமம் வாசிக்கப்பட்டதோ எபிரேய மொழியில். அவர் அந்தச் செபக்கூடத்தில் எழுந்து நின்று இசையாஸ் தீர்க்கதரிசியின் சுருளை வாசித்ததை அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 4-ம் அதிகாரத்தில் காண்கிறோம். ஜெத்சமனித் தோட்டத்திலே பிதாவை அவர் "அப்பா" என்று கூப்பிட்ட அரமாயிக் சொல்லை, அர்ச். மாற்கு மொழிபெயர்க்காமல் அப்படியே காப்பாற்றி நமக்குத் தந்திருக்கிறார். தமிழ்ப் பிள்ளை தகப்பனைக் கூப்பிடுகிற அதே ஒலி! ஆகவே பாலனாகிய சேசுவின் நாவிலே வீட்டு மொழியும் இருந்தது, கோவில் மொழியும் இருந்தது. ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை.

இவற்றை முதலில் கற்பிக்கும் கடமை யாருடையது? வேதபாரகருடையது மாத்திரம் என்று நினைக்காதேயுங்கள். கட்டளைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு. வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் அவற்றைப் பேசு என்று உபாகமம் 6-ம் அதிகாரத்தில் தேவன் இஸ்ராயேல் பெற்றோருக்குக் கட்டளையிட்டார். படுக்கிற நேரமும் எழுகிற நேரமும் குருவானவர் பிள்ளையோடு இருப்பதில்லை. உபதேசியாரும் இருப்பதில்லை. தாயும் தகப்பனும் பாட்டியுமே இருக்கிறார்கள். செபம் முதலில் வீட்டிலே பிறக்கிறது, கோவிலிலே வளருகிறது.

2. நம் நாட்டிலே நடந்தது

நம் தமிழ்நாட்டில் இது எப்படித் தொடங்கிற்று என்று பாருங்கள். அர்ச். பிராஞ்சீஸ்கு சவேரியார் 1542-ம் வருடம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஞானஸ்நானம் பெற்றிருந்த மீனவர்கள் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் ஒன்றும் அறியாதிருந்தார்கள். அவர்களுடைய மொழி குருக்களுக்குத் தெரியாது. குருக்களுடைய மொழி அவர்களுக்குத் தெரியாது. சவேரியார் செய்ததென்ன? இரண்டு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் உழைத்து, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், கற்பனைகள், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம் முதலியவற்றைத் தமிழாக்கி, தாமே அவற்றை மனப்பாடம் பண்ணினார். பிறகு கையிலே மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய் நடந்து, சிறுவர்களைச் சேர்த்து, நாளுக்கு இருமுறை சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் தாங்கள் கற்றதை வீட்டிலே தாய் தகப்பனுக்கும் அயலாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டார். இதை அவரே 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபைச் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் காண்கிறோம்.

இலத்தீனில் படித்துப் பட்டம் பெற்ற அந்த அர்ச்சியசிஷ்டவர், பிள்ளைகளுக்கு முதலாவது இலத்தீனைப் புகட்டவில்லை. தமிழைத் தாம் கற்றார். 1554-ல் லிஸ்பன் நகரத்தில் தமிழ்ச் செபங்கள் உரோமை எழுத்திலே அச்சாயின. 1578-ல் கொல்லத்திலே சங். அண்டிரீக்கு சுவாமியார் "தம்பிரான் வணக்கம்" என்னும் ஞானோபதேசப் புத்தகத்தைத் தமிழ் எழுத்திலே அச்சிட்டார். இந்தியாவிலே தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கிற புத்தகங்களில் அதுவே மிகப் பழையது. அச்சு இயந்திரம் நம் மண்ணில் தமிழைப் பேசத் தொடங்கியபோதே செபத்தைப் பேசிற்று என்பது நமக்கு எவ்வளவு பெருமை!

ஆகையால் "எங்கள் முன்னோர் இலத்தீனிலே செபித்தார்கள்" என்று ஒருவர் சொன்னால், அது பாதி உண்மை. 1952-ம் வருடம் நவம்பர் 13-ந் தேதி நமது வேலூர் மேற்றிராசனம் ஏற்பட்ட காலத்தில், பீடத்திலே குருவானவர் பூசை செய்தது இலத்தீனில். பீடத்துப் பிள்ளைகள் பதில் சொன்னது இலத்தீனில். தேவநற்கருணை ஆசீர்வாதத்துக்கு "தாந்தும் எர்கோ" பாடினதும் இலத்தீனில். ஆனால் வீட்டிலே விளக்கேற்றி முழங்காலிட்டுச் செபமாலை சொன்னது தமிழிலேதான். கோவிலின் குரல் இலத்தீன். வீட்டின் குரல் தமிழ். நம் பாட்டன்மாரைத் தாங்கினது இந்த இரண்டு குரலும் சேர்ந்தே.

3. மூன்று தலைமுறை, மூன்று செபம்

இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? துக்க வீடுகளுக்குச் செபிக்கப் போகும்போது கண்டதைச் சொல்லுகிறேன். ஓர் ஊரில், ஒரு வீட்டில் மாத்திரம் கண்டதல்ல.

பெரியவர் ஒருவர் கிடத்தப்பட்டிருக்கிறார். செபமாலை தொடங்குகிறது. பாட்டியம்மாள் பழைய "பிரியதத்த" மந்திரத்தைச் சொல்லுகிறார். மகனும் மருமகளும் புதிய "அருள் நிறைந்த" மந்திரத்தைச் சொல்லுகிறார்கள். பேத்திக்கோ பள்ளிக்கூடத்தில் கற்ற இங்கிலீஷ் செபந்தான் தெரியும்; அவள் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள். இரண்டாம் காரணிக்கத்துக்குள் ஒருவருக்கொருவர் இடித்துக்கொண்டு, மூன்றாவதில் குரல் தாழ்ந்து, நாலாவதில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி மாத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரே இரத்தம், ஒரே கூரை, ஒரே விசுவாசம். ஆனால் இறந்தவருக்காக ஒரு மந்திரத்தைச் சேர்ந்து சொல்ல அந்த வீட்டாரால் முடியவில்லை.

அந்த வீட்டிலே குறைவாயிருந்தது இலத்தீன் என்று சொல்லுவீர்களா? சேர்ந்து சொல்லுகிற பழக்கமே அங்கே குறைவாயிருந்தது. ஆகையால் இலத்தீன் வேண்டும் என்று ஆசைப்படுகிற பெற்றோரை நான் முதலாவது கேட்கிறது இது: உங்கள் பிள்ளைக்குப் பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், விசுவாச மந்திரம், மனஸ்தாப மந்திரம் ஆகியவை தமிழிலே தட்டில்லாமல் வருமா? உங்கள் மாமியாரும் நீங்களும் பிள்ளையும் ஒரே வார்த்தைகளில் சொல்லுகிறீர்களா? இல்லையென்றால் இன்றிரவு அங்கேதான் தொடங்க வேண்டும். பழைய வாசகமானாலும் புதிய வாசகமானாலும் ஒரு வீட்டுக்கு ஒரே வாசகம் என்று தீர்மானியுங்கள். கோவிலிலே இன்று சொல்லப்படுகிற வாசகத்தை எடுப்பது நல்லது. ஆனால் பாட்டி பழையதைச் சொன்னால் அவரைத் திருத்த வேண்டாம். அதையும் பிள்ளை கேட்டு வளரட்டும்.

தாய்மாரில் அநேகர் பொழுது விடியும் முன்னே எழுந்து சோறாக்கி, கம்பெனி வண்டியைப் பிடித்து, இருட்டின பின் வீடு திரும்புகிறவர்கள் என்பதை நான் அறிவேன். நாளெல்லாம் தையல் மிஷினில் குனிந்திருந்த முதுகோடு ஒரு மணி நேரம் முழங்காலிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சோறு உண்டபின், தொலைக்காட்சியும் கைப்பேசியும் திறக்கும் முன், பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷமும் இல்லாத வீட்டில் இலத்தீன் வந்தாலும் நிலைக்காது.

4. அப்படியானால் இலத்தீன் எதற்கு?

தமிழே போதுமென்றால் இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் போதாது. ஏன் போதாது என்பதை நம் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒரு வேத சரித்திரத்தால் விளக்குகிறேன்.

அப்போஸ்தலர் நடபடி 9-ம், 10-ம் அதிகாரங்களை வாசியுங்கள். அர்ச். இராயப்பர் யோப்பா பட்டணத்திலே அநேக நாள் தங்கினார். யார் வீட்டில்? சீமோன் என்னும் தோல் பதனிடுகிறவன் வீட்டில். கடலோரத்து வீடு அது. செத்த மிருகத்தின் தோலைத் தொடுகிற தொழில் யூதருக்குள்ளே தீட்டாய் எண்ணப்பட்டது. அப்படிப்பட்ட வீட்டிலே முதல் பாப்பரசர் உண்டு உறங்கினார். ஒரு நாள் மத்தியானம் அந்த வீட்டு மாடியில் ஏறிச் செபம் பண்ணினார். அப்போதுதான், தேவன் சுத்தமாக்கினதைத் தீட்டென்று சொல்லலாகாது என்று பரலோகத்திலிருந்து காட்சியும் வாக்கும் உண்டாயின. அந்நேரமே தோல்காரன் வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். அனுப்பினவன் யார்? செசரேயா பட்டணத்திலே இத்தாலியப் பட்டாளத்தைச் சேர்ந்த நூற்றுவர் தலைவன் கொர்னேலியு. அந்தப் பெயரே இலத்தீன் பெயர். வீட்டார் எல்லோரோடும் தேவபயமுள்ளவனாய் இடைவிடாமல் செபித்து வந்தவன் அவன்.

பிரியமானவர்களே, இதைக் கவனியுங்கள். திருச்சபை ஒரு குலத்தின் வேலியைத் தாண்டி எல்லா ஜனங்களுக்கும் கதவைத் திறந்தது ஒரு தோல் பதனிடுகிறவன் வீட்டு மாடியிலே. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் நாற்றத்துக்காக யாராவது உங்களை இளக்காரமாய்ப் பேசினால், அர்ச். இராயப்பர் எந்த வீட்டில் தங்கினார் என்று சொல்லுங்கள். அதோடு, அந்த வீட்டுக் கதவு யாருக்குத் திறந்தது என்பதையும் மறவாதேயுங்கள். வேறு பாஷைக்காரனுக்குத் திறந்தது.

இன்று நம் வாசலில் யார் நிற்கிறார்கள்? வேலூருக்குப் போய்ப் பாருங்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ம் வருடம் ஒரே படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலைதான் இன்றைய சி.எம்.சி. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மலை நாடுகளிலிருந்தும் நோயாளிகளும் அவர்களுடைய வீட்டாரும் அங்கே வருகிறார்கள். அவர்களில் கத்தோலிக்கர் உண்டு. நம் தோல் ஷாப்புகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் வட மாநிலத்துப் பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். அவர்களிலும் நம் விசுவாசத்தார் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோவிலின் கடைசித் தூணருகே நின்று, பூசையின் நடப்பு தெரிந்தும் பாஷை தெரியாமல், உதடு அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாமும் நம் பிள்ளைகளும் கல்கத்தாவுக்கோ துபாய்க்கோ பிழைக்கப் போனால் அதே தூணருகே நிற்போம்.

"ஆவே மரீயா" என்கிற இரண்டு சொல்லைக் கேட்டு முகம் மலராத கத்தோலிக்கர் உலகத்தில் அரிது. மற்றவற்றை அவர்கள் அறியாதிருந்தாலும் இருக்கட்டும். யாராவது ஒருவர் தொடங்கினால்தானே மற்றவர் கற்பார்? இலத்தீன் இன்று எந்தத் தேசத்தாருக்கும் தாய்மொழியல்ல. ஆனபடியால் அதைச் சொல்லும்போது ஒருவரும் வீட்டுக்காரருமல்ல, ஒருவரும் விருந்தாளியுமல்ல.

நம் திருச்சபையும் இதையே விரும்புகிறது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-ம் வருடம் டிசம்பர் 4-ந் தேதி வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்திலே ஜனங்களின் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. அதே சட்டத்தின் 54-ம் பிரிவிலே, பூசையில் விசுவாசிகளுக்குரிய பாகங்களை அவர்கள் இலத்தீனிலும் சேர்ந்து சொல்லவோ பாடவோ அறிந்திருக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொல்லிற்று. இந்த இரண்டாவது பாகம் அநேகருக்குத் தெரியாது. 1974-ல் பாப்பரசர் 6-ம் சின்னப்பர், சாமானிய ஜனங்கள் பாடத்தக்க இலத்தீன் பாட்டுகளைச் சிறு புத்தகமாக்கி உலகத்து மேற்றிராணிமாருக்கு அனுப்பினார். 2005-ல் 16-ம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட ஞானோபதேசச் சுருக்கத்தின் கடைசியிலே பொதுவான செபங்கள் இலத்தீனிலும் அச்சிடப்பட்டிருக்கின்றன. 2025 மே மாதம் 8-ந் தேதி தெரிந்துகொள்ளப்பட்ட நமது பாப்பரசர் 14-ம் லியோ (நம் பெரியோர் வழக்கில் சிங்கராயர்) மூன்றாம் நாளாகிய ஞாயிற்றுக்கிழமை அர்ச். இராயப்பர் பேராலய மேன்மாடத்தில் நின்று "ரெஜீனா சேலி" என்னும் பரலோக இராக்கினி செபத்தை இலத்தீனிலே பாடினதை உங்களில் பலர் தொலைக்காட்சியில் கண்டீர்கள். அன்று நம் வீட்டுப் பிள்ளைகளும் கூடப் பாடியிருந்தால் எப்படியிருக்கும்!

நம் அயலாரையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். நம் ஊர்களிலே வீட்டில் உருதுவோ தமிழோ பேசுகிற முகம்மதியப் பிள்ளைகள், சின்ன வயதிலேயே அரபியில் ஓதக் கற்றுக்கொள்ளுகிறார்கள். அதற்காகத் தகப்பன் பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறான். பாரம் என்று ஒருவரும் முறையிடக் கேட்டதில்லை. பிள்ளையின் ஞாபகம் சிறிய பாத்திரமல்ல. சினிமாப் பாட்டு ஐம்பதை அது தானே நிரப்பிக்கொள்ளுகிறது. ஐந்து செபத்துக்கு அதிலே இடமில்லையா?

5. மாயமந்திரமல்ல

இப்போது அந்த வாலிபருக்குச் சொல்லுகிறேன். இலத்தீனில் சொன்னால்தான் சர்வேசுரன் கேட்பார் என்பது விசுவாச சத்தியமல்ல. நம் செபங்களுக்கு "மந்திரம்" என்று பெயர் இருப்பதால், ஒலியிலே ஏதோ வல்லமை அடைபட்டிருக்கிறதென்று எண்ண வேண்டாம். ஆண்டவர் தாமே, அதிக வார்த்தைகளைக் கொட்டினால் கேட்கப்படும் என்று நினைக்கிறவர்களைப் போலிருக்க வேண்டாம் என்று எச்சரித்து, அதற்குப் பிறகுதான் பரலோக மந்திரத்தைக் கற்பித்தார். உரோமாபுரியிலே கூட ஆதியில் பூசை நடந்தது கிரேக்க மொழியில். அங்கே ஜனங்களின் வழக்கு இலத்தீனாய் மாறினபோது, 4-ம் நூற்றாண்டுக்குள் பூசையும் இலத்தீனுக்கு மாறிற்று. ஒரு காலத்தில் இலத்தீனும் சந்தையிலே காய்கறி வாங்கின மொழிதான்.

ஆகையால் தமிழ்ப் பூசையைத் தாழ்வாய்ப் பேசுகிறதற்கு இலத்தீனை ஆயுதமாக்குகிறவர், இலத்தீனையும் கெடுக்கிறார், தம் ஆத்துமத்தையும் கெடுக்கிறார். பூசை எந்த மொழியில், எந்த முறையில் நடக்க வேண்டும் என்பது திருச்சபைத் தலைவர்கள் தீர்மானிக்கிற காரியம். நான் இங்கே பேசுவது வீட்டுச் செபத்தைப் பற்றி. அதிலும் பிள்ளையை நாற்காலியில் ஏற்றி, வந்த விருந்தாளிக்கு முன் இலத்தீன் சொல்லச் செய்து கைதட்டுகிற வழக்கம் வேண்டாம். கேட்கிறவர் சர்வேசுரன் ஒருவர் போதும்.

அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம் 14-ம் அதிகாரத்திலே, விளங்காத பாஷையில் பதினாயிரம் வார்த்தை பேசுவதிலும் மற்றவருக்குப் போதனையாக விளங்குகிற ஐந்து வார்த்தை பேசுவதையே விரும்புகிறதாகச் சொல்லுகிறார். அந்த ஐந்தையே அளவாக வைத்து, நானும் ஐந்து செபத்தை மாத்திரம் உங்களிடம் கேட்கிறேன்.

6. எப்படிக் கற்பிப்பது?

முதலாவது சிலுவை அடையாளம். இரண்டாவது "பாத்தேர் நோஸ்தேர்". மூன்றாவது "ஆவே மரீயா". நாலாவது திரித்துவ தோத்திரமாகிய "குளோரியா பாத்ரி". ஐந்தாவது மரித்தவர்களுக்காகச் சொல்லுகிற "ரெக்குவியெம்". மாதத்துக்கு ஒன்றாக ஐந்து மாதம். பிள்ளை வளர்ந்தபின் "சால்வே ரெஜீனா" சேர்த்துக்கொள்ளலாம்.

இலத்தீன் கடினம் என்று பயப்படாதேயுங்கள். குருமடத்திலே நாங்கள் அதைப் படித்தபோது, தமிழ் இலக்கணம் தெரிந்தவனுக்கு அது அந்நியமாய் இராது என்று கண்டேன். தமிழிலே பெயர்ச்சொல்லின் கடைசியில் வேற்றுமை உருபு சேருகிறதல்லவா? இலத்தீனிலும் சொல்லின் கடைசிதான் மாறுகிறது. பாத்தேர் என்றால் பிதா. பாத்ரிஸ் என்றால் பிதாவினுடைய. பாத்ரி என்றால் பிதாவுக்கு. சிலுவை அடையாளத்தில் "பாத்ரிஸ்" வருகிறது. ஏனெனில் பிதாவினுடைய நாமத்தினாலே தொடங்குகிறோம். தோத்திரத்தில் "பாத்ரி" வருகிறது. ஏனெனில் மகிமையைப் பிதாவுக்குச் செலுத்துகிறோம். இந்த மூன்றையும் சொல்லிக் கொடுத்தால், ஏழு வயதுப் பிள்ளை ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்ளும்.

அப்படியே விசுவாச மந்திரத்தின் முதற் சொல் "கிரேதோ". "விசுவசிக்கிறேன்" என்று தமிழில் ஒரே சொல்லாய்ச் சொல்லுகிறது போலவே, அதிலும் "நான்" என்பது சொல்லுக்குள்ளே அடங்கியிருக்கிறது. தகப்பன் விசுவாசம் தகப்பனுக்கு. பிள்ளை தன் வாயால் "விசுவசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும் என்பதை இதைக் கொண்டே விளக்கலாம். தமிழ் மேலாய் விளக்குகிற இடமும் உண்டு. "நோஸ்தேர்" என்ற இலத்தீன் சொல்லுக்கு எங்கள், நம் என்கிற பேதம் கிடையாது. தமிழிலோ "எங்கள் பிதாவே" என்கிறோம்; அதாவது, பிதாவை முன்னே நிறுத்தி, பிள்ளைகளாகிய நாங்கள் எல்லோரும் ஒரு பக்கமாய் நின்று கூப்பிடுகிறோம். ஆகவே ஒரு மொழி மறைத்ததை மற்ற மொழி காட்டுகிறது. இரண்டையும் அறிந்த பிள்ளை செபத்தை இரண்டு தரம் அறிந்ததாகும்.

உச்சரிப்பும் நமக்கு வரும். இலத்தீனில் இராச்சியத்தைக் குறிக்கும் சொல்லைத் திருச்சபை வழக்கப்படி "ரெஞ்ஞும்" என்று சொல்ல வேண்டும். ஞானத்துக்கும் ஞாயிற்றுக்கும் "ஞ" வைத்திருக்கிற நமக்கு அது என்ன பாரம்? தமிழ் எழுத்திலேயே எழுதிக் கற்பிக்கலாம். அடுத்த வாரம் முதல் இந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு செபமும் தமிழ் எழுத்திலும், கீழே பதவுரையிலும் அச்சிடப்படும். அதைத் தாயோ தகப்பனோ தம் கையால் ஒரு நோட்டில் எழுதட்டும். கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்து "கேட்டுக் கற்றுக்கொள்" என்று விட்டுவிட வேண்டாம். தகப்பன் தவறாய்ச் சொல்லிச் சிரித்து மறுபடி சொல்லுவதிலே பிள்ளைக்கு வருகிற ஆசை, இயந்திரத்திலிருந்து வராது.

ஒழுங்கு இப்படியிருக்கட்டும்: இரவில் குடும்ப செபம் வழக்கம் போலத் தமிழில். அதன் முடிவிலே, புதிதாய்க் கற்கிற இலத்தீன் செபத்தின் ஒரே ஒரு அடி. முதலில் அதன் பொருளைப் பிள்ளை தமிழில் சொல்ல வேண்டும். பிறகு எல்லோரும் இலத்தீனில் மூன்று தரம். பொருள் சொல்லத் தெரியாத அடிக்கு மேலே போக வேண்டாம். பிள்ளை தூக்கத்தில் விழுந்தால் விட்டுவிடுங்கள். அடிப்பதும் திட்டுவதும் செபத்துக்கு ஆகாது; அடியோடு சேர்ந்து கற்ற செபத்தைப் பிள்ளை வளர்ந்தபின் அடியோடே மறந்துபோகும்.

பொறுமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. பழைய முறையிலே தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரும் சதையும் நீக்கி, ஆவாரம் பட்டைச் சாற்றிலே வாரக்கணக்காய்ப் போட்டுப் புரட்டி, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்து எடுத்ததை உங்கள் பெரியவர்கள் அறிவார்கள். அவசரப்பட்டு முன்னே எடுத்தால் மேலே பழுத்தது போலிருக்கும். வெட்டிப் பார்த்தால் நடுவிலே பச்சைத் தோல் தெரியும். குரோம் மருந்து வந்தபின் அந்த வேலை சீக்கிரமாய் நடக்கிறது. ஆனால் செபத்துக்குக் குரோம் முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நாள்தோறும் கொஞ்சமாய் ஊறினால்தான் நடு வரைக்கும் இறங்கும்.

ஐந்தாவது செபத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். "ரெக்குவியெம்" மிகச் சின்னச் செபம். அதன் முதற் சொல்லுக்கு இளைப்பாற்றி என்று பொருள். வீட்டிலே மரித்த தாத்தாவின் பெயரையோ அத்தையின் பெயரையோ சொல்லி, அவருக்காகப் பிள்ளை அதைச் சொல்லட்டும். வாழ்நாளெல்லாம் தோல் குழியிலும் மிஷின் முன்னும் ஓய்வில்லாமல் உழைத்தவருக்கு நித்திய இளைப்பாற்றியைக் கேட்கிறதென்றால் என்னவென்று பிள்ளைக்கு அப்போது விளங்கும். நாளை நாமும் கிடத்தப்படுவோம். அன்று நம்மைச் சுற்றி நிற்கிறவர்கள் சுவரைப் பார்த்து நிற்காமல், ஒரே வாயாய் ஒரு செபத்தைச் சொல்ல வேண்டுமானால், அதை இன்றிரவு வீட்டிலே தொடங்க வேண்டும்.

இஸ்பிரீத்து சாந்துவானவர் பெந்தேகோஸ்தே நாளிலே பல பாஷைக்காரரையும் ஒரே நற்செய்தியைக் கேட்கச் செய்தாரே, அவரே உங்கள் வீடுகளில் எழுந்தருளி, பிள்ளைகளின் நாவையும் பெற்றோரின் பொறுமையையும் பலப்படுத்துவாராக. நாசரேத்து வீட்டிலே தம் திருப்பாலனுக்குச் செபம் சொல்லிக் கொடுத்த தேவமாதாவும், அர்ச். சூசையப்பரும் உங்களுக்குத் துணையாயிருப்பார்களாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு